மதில் போன வழி

மீன்சுருட்டிக் கடைத்தெருவில் டீ கிளாஸோடு நிற்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்: "கங்கைகொண்டசோழபுரத்துக் கோயில் மதிலெல்லாம் எங்கே போச்சு?" யோசிக்கவே மாட்டார். "வெள்ளக்காரன் பேத்து எடுத்துட்டுப் போயி அணைக்கரையில அணை கட்டிட்டான்" என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடிப்பார். எங்கள் பக்கத்தில் இது தாலாட்டோடு சேர்ந்து வருகிற செய்தி. நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். பிறகு வரலாற்று ஆசிரியராகி, அதையே மேசையைத் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன். "முதன்மைச் சான்றுகள் யாவை?" என்கிற கேள்விக்கு "கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரசு ஆவணம்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு அடிக்கோடும் இட்டேன். அதில் எதையாவது நேரில் படித்திருக்கிறீர்களா சார் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் வினை வந்தது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். ஆடித் திருவாதிரை விழாச் சமயம். ஆளாளுக்கு, அந்தக் கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழனின் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் நானும் எழுதினேன்: 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது நம் கோயில் மதிலை இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள், இது வரலாறு. கட்டைவிரல் நிறைய விழுந்தது. எல்லாவற்றுக்கும் கீழே ஒருவன் மட்டும், கடைசி பெஞ்சுக்காரன், ஒரு வரி போட்டான்: "சார், இதுக்கு ஆதாரம் என்ன சார்?" ஒரே வரியில் இரண்டு சார் போட்டிருந்ததால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. "நாளைக்குப் போடுறேம்பா" என்றேன்.

"எல்லாம் ஆன்லைன்லயே இருக்குப்பா" என்றாள் சென்னையில் இருக்கிற மகள். லேப்டாப்பையும் அவளே கொடுத்திருந்தாள். ஆக, பாக்கி நான் மட்டும்தான்.

முதலில் எங்கள் மாவட்டத்தைப் போட்டு, "அரியலூர் மாவட்டம் 1836" என்று தட்டினேன். கல் குவாரி ஏலத்திலிருந்து கலெக்டர் அலுவலக விளம்பரம் வரை எல்லாம் வந்தது. 1836 மட்டும் வரவில்லை. வராது. அரியலூர் மாவட்டம் முதலில் பிறந்ததே 2001-இல். மறுவருஷமே பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007-இல் மறுபடியும் பிரித்தார்கள். அந்தப் பெரம்பலூர் மாவட்டமும் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்ததுதான். இத்தனையும் என் கண்ணெதிரே நடந்தவை. மாவட்டம் பிரிந்தபோது சம்பளப் பட்டியல் எங்கே போகும் என்று அலைந்தவன் நான். ஆனால் தேடல் பெட்டியைப் பார்த்ததும் ராஜேந்திரன் காலத்திலிருந்தே அரியலூர் கலெக்டர் இருந்தாற்போல ஒரு நினைப்பு.

சரி, திருச்சி என்று போட்டேன். மலைக்கோட்டை வந்தது. கம்பெனிக்காரன் நம் ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறான் என்பது அப்புறம்தான் உறைத்தது. திருச்சி அவனுக்கு ட்ரிச்சினாப்பொலி. கொள்ளிடம் கோல்ரூன். கங்கைகொண்டசோழபுரத்தை வாயில் கொள்ளுகிற அளவுக்குச் சுருக்கி கங்ககுண்டபுரம், கங்கைகொண்டபுரம் என்று எழுதியிருப்பான். கோயில் இருக்கிற தாலுகாவான உடையார்பாளையத்துக்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஆங்கிலப் பாடத்தில் என்னிடம் எழுத்துப்பிழைக்காகத் தலையில் குட்டு வாங்கிய பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் என்னைவிட நன்றாகத் தேடியிருப்பார்கள். சரியாக எழுதத் தெரிந்தவனுக்கு அந்தக் காலக் காகிதம் அகப்படாது. தப்பாக எழுதிப் பார்க்கவும் தெரிய வேண்டும்.

தப்பாக எழுதியதும் கொட்டியது. மூர் என்பவர் தொகுத்த 1878-ஆம் ஆண்டு திருச்சி மாவட்டக் கையேடு. ஹெமிங்வே தொகுத்த 1907-ஆம் ஆண்டு கெசட்டியர். இவர் நாவல் எழுதியவர் இல்லை, ஐ.சி.எஸ். அதிகாரி. (குழுவில் ஒருவர் "கடலும் கிழவனும் எழுதினவரா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவிருந்தேன்.) பழுப்பேறிய அட்டை, மதராஸ் அரசு அச்சகம் என்கிற வரி, நூலக முத்திரை. பார்த்ததும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. உள்ளே ஒரு பக்கம் கூடப் புரட்டாமல் அட்டையை மட்டும் படமெடுத்து, "இதோ ஆதாரம்!" என்று குழுவில் போட்டேன்.

கடைசி பெஞ்சு பதில் போட்டது: "சார், நடந்தது 1836. புக்கு 1907. எழுபத்தோரு வருஷம் கழிச்சு எழுதினது முதன்மைச் சான்று ஆகுமா சார்? நீங்கதானே சார் ஆகாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க?"

சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாவி, கவனித்திருக்கிறான்.

மானம் போன வேகத்தில் கொஞ்ச நாள் இந்தப் பக்கமே வராமல் கல்வெட்டுப் பக்கம் ஒதுங்கினேன். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்கிற தொகுதி வரிசையை ஹுல்ஷ் என்கிற ஜெர்மானியர் 1890-இல் தொடங்கி வைத்தார். அந்தத் தொகுதிகள் இன்று இணையத்தில் ஸ்கேன் பிரதிகளாகக் கிடைக்கின்றன. இறக்கினேன், இறக்கினேன், போனில் இடமில்லை என்று சொல்லும்வரை இறக்கினேன். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் என்று எண்களும் புள்ளிகளுமாக ஏதோ ஒன்று. எது இரண்டாம் தொகுதி, எது நான்காம் தொகுதி என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். "படிக்க வேண்டியவை" என்று ஓர் உறை உண்டாக்கி எல்லாவற்றையும் அதற்குள் தள்ளினேன். அந்த உறை இன்றைக்கும் அதே பெயரில்தான் இருக்கிறது.

அதில் படித்த கொஞ்சநஞ்சத்தை வைத்துக்கொண்டே ஒரு சாதனை செய்தேன். ராஜேந்திரனின் கடார வெற்றி அவனுடைய 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளில்தான் முதலில் வருகிறது. ராஜராஜன் மறைந்தது 1014. பதினான்கையும் பதினான்கையும் கூட்டினால் 1028. ஆனால் எல்லாப் புத்தகமும் கடாரப் படையெடுப்பு 1025 என்கிறது! வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி முதல் பாடநூல் குழு வரை எல்லோரும் தப்பு, மீன்சுருட்டிக்காரன் ஒருவன் மட்டும் சரி என்று ஒரு கட்டுரையே எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். தலைப்பில் ஆச்சரியக்குறி வேறு. அவர்கள் போடவில்லை. இருட்டடிப்பு என்று வீட்டில் புலம்பினேன். பிறகு நீலகண்ட சாஸ்திரியையே எடுத்துப் படித்தபோது விஷயம் தெரிந்தது. தந்தை உயிரோடு இருக்கும்போதே 1012-இல் ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிட்டார்கள். அவனுடைய ஆட்சியாண்டுகளை அங்கிருந்து எண்ண வேண்டும். முதல் ஆண்டு 1012 என்றால் பதினான்காம் ஆண்டு 1025. சோழர்கள் மகனை முன்கூட்டியே கூட்டாட்சியில் அமர்த்துவார்கள் என்பதும் நான் அடிக்கோடிட்டு நடத்திய பாடம்தான். அந்தப் பத்திரிகை ஆசிரியர் நீடூழி வாழ்க.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மொத்தமாகப் போகட்டும். கங்கைகொண்டசோழபுரத்துக் கோயிலில் இருக்கிற பெரிய கல்வெட்டு ராஜேந்திரன் வெட்டியது என்றே நெடுங்காலம் சொல்லி வந்தேன். கோயில் அவன் கட்டியது என்றால் கல்வெட்டும் அவனுடையதாகத்தானே இருக்கும்? அது அவன் மகன் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு. சுற்றுலா வந்தவர்களுக்கு நானாக வலியப் போய் விளக்கியிருக்கிறேன். அவர்கள் வீடியோவும் எடுத்தார்கள். எந்த ஊர் யூடியூப்பில் என் குரல் இந்தத் தப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறதோ.

கல்வெட்டை எப்படிப் படியெடுக்கிறார்கள் என்று இந்தச் சாக்கில் படித்தேன். ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகைக் கட்டையால் தட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதத்தை அழுத்தி, மேலே மை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றி எல்லாம் கருப்பாகவும் வரும். அதுதான் மைப்படி. அந்த மைப்படியைப் பார்த்துப் படித்து அச்சிட்டது தொகுதி. தொகுதியை ஸ்கேன் செய்தது இணையப் பிரதி. இணையப் பிரதியை நான் எடுத்தது ஸ்கிரீன்ஷாட். கல்லிலிருந்து கணக்குப் போட்டால் என் போனில் இருப்பது நான்காவது கை. கல்லோ எங்கள் ஊரில் பஸ் ஏறிக் குறுக்கு ரோட்டில் இறங்கினால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது.

வெட்கம் வந்து ஒருநாள் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். அதிட்டானத்தைச் சுற்றி வரிவரியாக எழுத்து. முட்டி போட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "ஸ்வஸ்தி ஸ்ரீ" தெரிந்தது. அதற்குமேல் எனக்கு ஓடவில்லை. புள்ளி கிடையாது, எகர ஒகரத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் கிடையாது, நடுநடுவே கிரந்தம். "தாத்தா, என்ன எழுதியிருக்கு?" என்றான். "ராஜா பேரு எழுதியிருக்குடா" என்றேன். "எந்த ராஜா?" என்றான். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

மதிலுக்கு வருகிறேன்.

வழி காட்டியது நீலகண்ட சாஸ்திரிதான். அவருடைய 'சோழர்கள்' நூலில் கங்கைகொண்டசோழபுரத்தைப் பற்றிச் சொல்லுமிடத்தில் நீளமான மேற்கோள் ஒன்று இருக்கிறது. கல்லூரிக் காலத்திலிருந்து அந்தப் பக்கத்தைப் பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன். மேற்கோள் என்றால் தாண்டுவது, அடிக்குறிப்பு என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று பழகியவன். இந்தத் தடவை அடிக்குறிப்பைப் பார்த்தேன். 'இந்தியன் ஆன்டிகுவரி', நான்காம் தொகுதி. அது 1875. ஜேம்ஸ் பர்ஜெஸ் 1872-இல் தொடங்கிய ஆராய்ச்சி இதழ் அது. பழைய தொகுதிகள் இணையத்தில் இருக்கின்றன. பக்க எண்ணோடு போனதால் அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டேன். உடனே குழுவில் போடத் தோன்றியது. அட்டையை மட்டும் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்து, இந்தத் தடவை முழுதும் படித்தேன். படித்தால் அந்தக் குறிப்பும் அங்கே பிறந்ததில்லை. 1855-இல் ஓர் உள்ளூர் வெளியீட்டில் வந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆக 1936 வாக்கில் ஒரு பேராசிரியர், 1875-இன் ஓர் ஆராய்ச்சி இதழைப் பார்த்து எழுத, அது 1855-இன் ஓர் உள்ளூர் வெளியீட்டைப் பார்த்து எழுத, அந்த வெளியீடு பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறது. எங்கள் ஊர் டீக்கடைக்கும் இதற்கும் உள்ள தூரம் நான் நினைத்த அளவு பெரிதில்லை.

ஆனால் அந்த 1855 குறிப்பு சாதாரணமானதில்லை. எழுதியவர் கம்பெனி அரசாங்கத்துக்கு வால் பிடித்தவராகத் தெரியவில்லை. உடையார்பாளையம் தாலுகாவில், தெற்கு வடக்காகப் பதினாறு மைல் நீளத்துக்கு ஓர் ஏரிக்கரை கிடப்பதை வர்ணிக்கிறார். அதுதான் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம், நம் பொன்னேரி. கொள்ளிடத்திலிருந்து அறுபது மைலுக்கு மேல் ஒரு வாய்க்கால், வடக்கே வெள்ளாற்றிலிருந்து ஒரு சிறிய வாய்க்கால், இரண்டும் வந்து நிரப்பிய ஏரி தூர்ந்து காடாகக் கிடக்கிறது என்கிறார். படையெடுத்து வந்தவர்கள் வேண்டுமென்றே அழித்ததாக ஜனங்கள் வழிவழியாகச் சொல்வதையும் பதிகிறார். பக்கத்தில் மேடுமேடாக இடிபாடுகள், பாபிலோன் நகரம் இருந்த இடத்து மேடுகளைப் போல என்று ஒப்பிடுகிறார். அந்த மேடுகளில் எது எது அரண்மனையின் எந்தப் பகுதி என்று ஊர்ப் பெரியவர்கள் கை நீட்டிக் காட்டுகிறார்களாம்.

இந்த இடத்தில் நான் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். உட்கோட்டைப் பக்கம் மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-இலிருந்து தோண்டியது. செங்கல் அஸ்திவாரங்கள் வந்தன, கூரை ஓடுகள் வந்தன, சீனத்துப் பீங்கான் சில்லுகள் வந்தன. சோழர் அரண்மனை அங்கேதான் இருந்தது. 2021-இல் மறுபடியும் தோண்டத் தொடங்கி மேலும் சுவர்களைக் கண்டார்கள். மண்வெட்டி படுவதற்கு நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே ஊர்ப் பெரியவர்கள் இடம் காட்டியிருக்கிறார்கள், சரியாகக் காட்டியிருக்கிறார்கள். வகுப்பில் "செவிவழிச் செய்தி நம்பத்தக்கதல்ல" என்று சொல்லி நான் எத்தனை பிள்ளைகளின் பாட்டிமார்களை வாயடைத்திருப்பேன்.

குறிப்பின் கடைசிப் பகுதிதான் மதில். கீழணை கட்டும்போது கோயிலின் கருங்கல் வேலைப்பாடுகளில் பெரும்பகுதியைப் பெயர்த்தார்கள், சுற்றுமதிலை அநேகமாக முழுவதும் இடித்தார்கள் என்று அவர் எழுதுகிறார். எங்கள் டீக்கடை சொன்னது அப்படியே இருக்கிறது. அதற்கு மேலும் இரண்டு செய்திகள் இருக்கின்றன, டீக்கடை மறந்துவிட்ட செய்திகள். ஒன்று, கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அரசாங்கம் வாக்குக் கொடுத்தது, 1855 வரை கட்டித் தரவில்லை. இன்னொன்று, ஏழை ஜனங்கள் தங்களால் ஆனமட்டும் போய்த் தடுத்திருக்கிறார்கள். அவமதிப்புக் குற்றம் என்று சொல்லி அவர்களைத் தண்டித்திருக்கிறார்கள்.

அந்த ஜனங்களுக்குப் பெயர் இருந்திருக்கும். கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தியில் ராஜேந்திரன் வென்ற ஊர்ப் பெயர்கள் ஒன்று விடாமல் இருக்கின்றன. மதிலுக்குக் குறுக்கே நின்று தண்டனை வாங்கியவர்களின் பெயர் ஒன்றுகூட எங்கள் யாருக்கும் தெரியாது. தண்டித்தார்கள் என்றால் காகிதம் இருக்கும். கம்பெனிக்காரன் கல்லைத் திருடினாலும் கடிதம் எழுதித்தான் திருடியிருப்பான்.

அன்றிலிருந்து ஆதாரம் கேட்ட மாணவனை மறந்துவிட்டேன். எனக்கே ஆதாரம் வேண்டும் என்று ஆகிவிட்டது. தேடலும் வழக்கம்போலத் தப்பான வாசலில் தொடங்கியது.

தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் என்கிற இணையவாசலில் பதிவு செய்தேன். பாஸ்வேர்டு முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. என் அனுபவத்தில் அது அபூர்வம். அந்த மகிழ்ச்சியில் பல நாள் அங்கேயே கிடந்தேன். அது டெல்லி. மத்திய அரசாங்கத்தின், அதற்கு முந்திய கல்கத்தா அரசாங்கத்தின் கோப்புகள் இருக்குமிடம். 1836-இல் கொள்ளிடக்கரையில் ஒரு மதிலை இடித்தது மதராஸ் அரசாங்கத்து விவகாரம். வீட்டுச் சாவியைத் தொலைத்த இடத்தை விட்டுவிட்டு விளக்கு வெளிச்சம் இருக்கிற இடத்தில் தேடியவன் கதை எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியும் இருக்கிறேன்.

கம்பெனி அரசாங்கம் தன் நடவடிக்கைக் குறிப்புகளையெல்லாம் படியெடுத்து லண்டனுக்கும் அனுப்பி வைத்தது, அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன என்று படித்ததும் லண்டனுக்குப் பாய்ந்தேன். நான் பாய்ந்த நேரம், 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கணினிகளை யாரோ தாக்கி முடக்கிப் போட்டிருந்த நேரம். உலகமே செய்தி படித்துத் தெரிந்துகொண்டதை நான் மட்டும் எங்கள் வீட்டு வைஃபையில்தான் கோளாறு என்று நம்பி, கேபிள்காரத் தம்பியை இரண்டு தடவை வரவழைத்தேன். இரண்டாம் தடவை அவன் காசு வாங்கவில்லை. பரிதாபப்பட்டிருப்பான்.

நடுவில் மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைத் திறந்தேன். அவர் இளமையில் இருந்த ஊர்களில் உடையார்பாளையமும் அரியலூரும் உண்டு. ஜமீனைப் பற்றி எழுதியிருக்கிறார், மதிலைப் பற்றி ஒரு வரியாவது இருக்காதா என்று ஆசை. ஐயர் பாடம் கேட்ட கதைக்குள் போனவன் மதிலை மறந்து, வேலையை மறந்து, ரேஷன் கடைக்குப் போக வேண்டியதையும் மறந்து உட்கார்ந்திருந்தேன். அது வீணான காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதில் கிடைக்கவில்லை.

பழைய புகைப்படங்கள் என்று ஒரு பக்கம் போனேன். கருப்பு வெள்ளையில், செடி முளைத்த ஒரு சோழர் கோயில் மண்டபம். "மதில் இடிக்கப்பட்ட பின் நம் கோயிலின் அவலம் பாரீர்" என்று குழுவில் போட்டேன். கடைசி பெஞ்சுக்காரன் பொறுமையாக எழுதினான்: "சார், மண்டபத்துல தேர்ச் சக்கரமும் குதிரையும் இருக்கு சார். தாராசுரம் சார் அது." அப்போது அவன் கேலி செய்யவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

காகிதத்தில் கிடைக்காததைக் கல்லிலாவது பார்ப்போம் என்று அணைக்கரைக்குப் போனேன். கொள்ளிடம் அங்கே இரண்டாகப் பிரிந்து நடுவே தீவு விட்டு ஓடுகிறது. இரண்டு கிளையிலும் அணை. இங்கிருந்து வடவாற்றில் போகிற தண்ணீர்தான் வீராணத்தை நிரப்புகிறது. வீராணத்திலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. சென்னையில் குழாயைத் திறக்கிறவர்களுக்கு எங்கள் கோயில் மதிலோடு ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, அவர்களுக்குத் தெரியாது. நான் கரையோரமாகக் குனிந்து குனிந்து, சிமெண்டுப் பூச்சுக்கும் பாசிக்கும் நடுவே ஒரு யாளியின் காதாவது தெரியாதா என்று பார்த்துக்கொண்டு போனேன்.

மீன் விற்கிற அம்மா ஒருவர் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்கய்யா தேடுறீங்க?"

"ஆதாரம் தேடுறேம்மா."

"ஆதாரா? தண்ணியில விழுந்திருந்தா கெடைக்காதுங்கய்யா. ஈ-சேவை மையத்துல எழுதிக் குடுங்க, வேற தருவாங்க."

விளக்கினேன். கோயில் கல் விஷயம் என்றதும் அவர் முகம் மாறியது. "அதான் ஊருக்கே தெரியுமே" என்றார். கெண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் எனக்குப் புத்தி வந்தது ஒரு வரைபடத்தைப் பார்த்தபோது. கல் எடுத்தது அந்தக் காலத்துத் திருச்சி மாவட்டத்தில். தண்ணீர் போய்ச் சேர்ந்ததோ தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும். ஆகவே கடிதம் எழுதிக்கொண்ட கலெக்டர்கள் ஒருவரல்ல, மூவர். நான் இத்தனை நாளும் கோயில் இருக்கிற மாவட்டத்தை மட்டும் தட்டித் தட்டித் தேடியிருக்கிறேன். அணை விவகாரம் பாசனம் பெற்ற மாவட்டத்தின் கட்டிலும், வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பிலும் இருக்கத்தான் அதிக வாய்ப்பு. கலெக்டர்களும் வருவாய் வாரியமும் எழுதிக்கொண்ட கடிதங்கள் எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் தேடல் பெட்டியில் தட்டினால் எழுந்து வருகிற சரக்கு இல்லை அது. போக வேண்டும், விண்ணப்பம் எழுத வேண்டும், அட்டவணைத் தொகுதியைப் பார்த்துக் கட்டு எண் குறிக்க வேண்டும், வந்த கட்டைத் தாள் தாளாகப் புரட்ட வேண்டும்.

போனேன். மகள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், அவளும் கூட வருவாள், அவளுக்கு லீவு நாளாகப் பார்த்துப் போவோம் என்று நாள் குறித்தேன். எழும்பூரில் ஆட்டோவை விட்டு இறங்கினால் கேட் பூட்டியிருந்தது. காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காந்தி ஜெயந்தி சார் இன்னிக்கு" என்றார். முப்பது வருஷத்துக்குப் பக்கமாக வரலாறு நடத்தியவனுக்கு அக்டோபர் 2 என்ன நாள் என்று ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். சிவப்புச் செங்கல் கட்டடத்தை வெளியிலிருந்து படமெடுத்துக்கொண்டோம். அதைக் குழுவில் போடவில்லை. அந்த அளவு எனக்கும் வந்திருக்கிறது.

திரும்பி வந்ததும் முட்டிவலி கண்டு, டாக்டர் நீண்ட பஸ் பயணம் வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே இதைப் படிக்கிறவர்களில் சென்னையில் இருக்கிற வரலாற்று மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கப் பொறுமை உள்ளவர்கள் யாராவது எனக்கு ஒரு உபகாரம் செய்ய வேண்டும். 1834 முதல் 1838 வரையிலான வருவாய் வாரியக் கட்டுகளில் கீழ்க் கோல்ரூன் அணை என்று வருகிற இடங்களைப் பாருங்கள். திருச்சி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மூன்றையும் பாருங்கள். உடையார்பாளையத்தை எத்தனை விதமாகத் தப்பாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள். கோயில் மதிலை இடிக்க வேண்டாம் என்று யாராவது கொடுத்த அர்ஜி, அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தவர்கள், தண்டிக்கப்பட்டவர்கள், யார் பெயர் கண்ணில் பட்டாலும் எனக்கு எழுதுங்கள். கட்டு எண், தேதி, பக்க எண் மூன்றும் கட்டாயம் வேண்டும். வெறும் படத்தை அனுப்பாதீர்கள், என்னிடம் நிறைய இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் அரசு விடுமுறைப் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.